கொந்தளிப்பும் ஒரு மாணவரின் கணக்கும்

ஊதுபத்தியின் புகை சிறிது தூரம் நூல் பிடித்தாற்போல் நேராக எழும். பின்னர் திடீரெனச் சுருண்டு கலையும். காற்றாயினும் நீராயினும், சீரான ஓட்டம் எப்போது குலைந்து கொந்தளிப்பாகிறது? மான்செஸ்டரில் ஆஸ்பார்ன் ரேனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாய இழை விட்டு இதனை ஆராய்ந்து 1883இல் வெளியிட்டார். ஓட்டத்தின் வேகம், குழாயின் அகலம், நீரின் அடர்த்தி, அதன் பாகுத்தன்மை ஆகியவை சேர்ந்த ஓர் எண்ணே அம்மாற்றத்தைத் தீர்மானிக்கிறது என்று கண்டார். அது ஏன் நிகழ்கிறது என்பதற்குக் கணித விடை மட்டும் அகப்படவில்லை.

மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சோமர்ஃபெல்ட், இவ்வினாவைத் தம் மாணவர் வெர்னர் ஹைசன்பெர்க்கிடம் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக ஒப்படைத்தார். இரு சமதளச் சுவர்களுக்கிடையே ஓடும் திரவத்தை மாணவர் எடுத்துக்கொண்டார். பாகுத்தன்மை சலனத்தை அடக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஊற்றும் தேன் கொந்தளிப்பதில்லை அல்லவா? ஹைசன்பெர்க் கண்டதோ வேறு. பாகுத்தன்மை அறவே இல்லையெனில் இவ்வோட்டம் குலையாது. சிறிதளவு இருந்தால், அதுவே சிற்றலைகளை வளர்த்துவிடக்கூடும்! இம்முடிவை எட்டத் தோராய முறைகளையே அவர் கையாண்டார். முழு நிரூபணம் தரவில்லை.

1923 ஜூலையில் வாய்மொழித் தேர்வு நடந்தபோது அவருக்கு வயது 21. சோதனைப் பௌதிகப் பேராசிரியர் வீன், நுண்ணோக்கியின் பிரித்தறியும் திறனைப் பற்றியும் பேட்டரி இயங்கும் விதத்தைப் பற்றியும் வினவினார். விடை வரவில்லை. மிகத் தாழ்ந்த தரமே போதும் என்றார் வீன். சோமர்ஃபெல்ட் முதல் தரம் இட்டார். முடிவில் மூன்றாம் தரம் கிடைத்தது. வீனைக் குறை கூறுவதற்கில்லை. ஆய்வுக்கூடப் பயிற்சியை மாணவர் அலட்சியம் செய்தது உண்மையே.

ஆனால் ஆராய்ச்சியும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. 1926இல் ஃபிரிட்ஸ் நோதர் என்னும் கணித அறிஞர், இத்தகைய ஓட்டம் குலையாது என்று காட்டுவதாக ஒரு நிரூபணத்தை வெளியிட்டார். அதற்குள் ஹைசன்பெர்க் அணுவியலில் புகுந்து பெரும்புகழ் எய்தத் தொடங்கியிருந்தார். 1944இல், சீனத்தில் பிறந்து கலிபோர்னியாவில் ஆராய்ந்த இளைஞர் சி. சி. லின் அவருடைய கணக்கைச் செப்பனிட்டு ஆதரித்தார். 1948இல் பெக்கரிஸ் மறுத்தார். இரு தரப்பாரும் தேர்ந்தவர்களே. தாளும் பென்சிலும் வழக்கைத் தீர்க்கும் நிலையில் இல்லை.

ஃபான் நாய்மன் தூண்ட, எல். எச். தாமஸ் நியூயார்க்கிலிருந்த ஐ.பி.எம். கணிப்பு இயந்திரத்திடம் இதனை ஒப்படைத்தார். சுவர்களுக்கிடைப்பட்ட அகலத்தைப் பல கூறுகளாக்கி, சமன்பாட்டை எண்களாலேயே தீர்த்தார். 1953இல் வெளியான விடை இது: மைய வேகத்தையும் பாதி அகலத்தையும் கொண்டு அளந்தால், ரேனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 5,780ஐத் தாண்டியதும் சிற்றலைகள் வளரத் தொடங்கும். மாணவர் சொன்னது சரியே. 1971இல் ஸ்டீவன் ஆர்சாக், நுட்பம் மிகுந்த வேறொரு கணிப்பு முறையால் 5,772 என்று திருத்தினார்.

மெய்யான கால்வாய்களில் கொந்தளிப்பு இவ்வெண்ணுக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. அங்கே சிற்றலை அல்ல, பெரிய அதிர்ச்சியே ஓட்டத்தைக் குலைக்கிறது. அதன் கணக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.