ஐந்து முதல் பதினான்கு வரை

எந்த வயதில் குழந்தை பள்ளி புக வேண்டும், எந்த வயதில் எவ்வகுப்பில் இருக்க வேண்டும் என்பதை இன்று சட்டம் வகுக்கிறது. அச்சட்டம் வருமுன் கொங்கு நாட்டு வழக்கம் என்னவாயிருந்தது?

1822இல் சென்னை மாகாணக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிகளைப் பற்றி ஜில்லா கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். கோவைக் கலெக்டராயிருந்தவர், உதகை நகர் தோன்றக் காரணமான ஜான் சல்லிவன். அவ்வாண்டு நவம்பரில் அவர் அனுப்பிய அறிக்கை, 763 பள்ளிகளில் 8,206 பேர் பயின்றதாகக் கூறுகிறது. பிள்ளைகள் ஐந்து வயதில் திண்ணைப் பள்ளி புகுந்து, பதின்மூன்று பதினான்கு வரை கற்றனர். சாத்திரமும் சட்டமும் கற்பிக்கும் பாடசாலைக்கு ஏறத்தாழப் பதினைந்தில் சென்றனர். வயது பள்ளியின் வகையைத் தீர்மானித்தது. ஆயினும் திண்ணையில் ஆண்டுக்கொரு வகுப்பு இல்லை. ஒரு சுவடி முடிந்தால் அடுத்த சுவடி. நம்மவருள் சில குடும்பங்களில் நான்கு வயது, நான்கு மாதம், நான்கு நாள் நிறைந்ததும் ‘பிஸ்மில்லாஹ்’ ஓதிக் கல்வியைத் தொடங்கி வைத்தனர்.

1826இல் மன்றோ மாகாணத்துக் கணக்கைத் தொகுத்தார். பள்ளி வயது ஐந்து முதல் பத்து வரை என்று கொண்டு, அவ்வயதுச் சிறுவருள் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோரே பள்ளியில் பயில்வதாகக் கண்டார். கோவை அறிக்கை கூறிய பதினான்கு வரை கணக்கிட்டிருந்தால் அப்பங்கு இன்னும் குறைந்திருக்கும். வயதுக்கோட்டை எங்கே இடுகிறோமோ, அதற்கேற்பவே கணக்கும் மாறுகிறது.

1888இல் கோவையில் பஞ்சாலை எழுந்தது. அன்றைய தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிறைந்த பிள்ளைக்கே ஆலைக் கதவைத் திறந்து விட்டிருந்தது! அவ்வரம்பு 1891இல் ஒன்பதாகவும், 1922இல் பன்னிரண்டாகவும், 1948இல் பதினான்காகவும் உயர்ந்தது. ஆலையின் வயது ஏற ஏறவே பள்ளிக்கு இடம் கிடைத்தது.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வரை இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. பள்ளியே காணாத பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் அதன் எல்லையும், சல்லிவன் கண்ட அதே பதினான்கு!

அதற்கு மேல் மகனைக் கடைக்கு அனுப்புவதா, மகளை வீட்டில் நிறுத்துவதா, இருவரையும் மேலும் படிக்க வைப்பதா என்பதைத் தீர்மானிப்பவர் பெற்றோரே. சட்டம் நின்றுவிடும் அந்த வயதில் நம் பொறுப்பு தொடங்குகிறது.