காந்தமும் காகிதக் கூம்பும்



உங்கள் வானொலிப் பெட்டியில் என் குரலை எழுப்புவது பெரும்பாலும் ஒரு காகிதக் கூம்புதான். அதன் அடியில் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருள், காந்தத்தின் குறுகிய இடைவெளியில் நிற்கிறது. பேச்சுக்கேற்ப மாறும் மின்னோட்டம் சுருளிற் பாய, அது முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பும் உடன் அதிர்கிறது. காந்தம் வலிமையுற்றால் சிறிய மின்னோட்டமும் கூம்பை நன்கு ஆட்டும். எனவே ஒலிபெருக்கியின் வரலாறு பெரிதும் காந்தத்தின் வரலாறே.

1925ஆம் ஆண்டு, அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் இத்தகைய கூம்பு ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அக்காலத்து எஃகுக் காந்தங்கள் வலிமை குன்றியவை. ஆகவே இரும்பின்மேல் கம்பி சுற்றி மின்காந்தம் அமைத்தனர். பழைய வானொலிப் பெட்டிகளில் இச்சுருளே மின்வழங்கியின் இரைச்சலை வடிகட்டும் வேலையையும் செய்தது. எவ்வளவு சிக்கனமான யோசனை!

1931இல் ஜப்பானியப் பேராசிரியர் மிஷிமா, இரும்பு, நிக்கல், அலுமினியம் ஆகியவற்றைக் கலந்து வலிய நிலைக்காந்தம் ஒன்றைக் கண்டார். பின்னர்க் கோபால்ட்டும் சேரவே ‘அல்னிக்கோ’ பிறந்தது. தனி மின்சாரம் வேண்டாத காந்தம் கைக்கு வந்தது.

இங்கிலாந்தில் பால் வாய்ட் என்னும் பொறியாளர் வேறொரு வழியிற் சிந்தித்தார். உயர்ந்த ஒலிபெருக்கி செய்வோர் பலர் தாழ்ந்த சுரங்களுக்கு ஒரு கூம்பு, உயர்ந்த சுரங்களுக்கு மற்றொன்று என வைத்து, ஒலியைப் பங்கிட இடையே மின்சுற்று ஒன்றையும் அமைப்பர். வாய்ட்டோ, ஒரே சுருள் போதும் என்றார். பெரிய கூம்பின் நடுவே சிறு கூம்பொன்றை ஒட்டி, உயர்ந்த சுரங்களை அதனிடம் ஒப்புவித்தார். கூம்பு இலேசாகவும் காந்தம் மிக வலியதாகவும் இருத்தல் வேண்டும், அவ்வளவே. லோதர் நிறுவனத்தில் டொனால்ட் சேவ் இம்மரபைத் தொடர்ந்தார். அவர்களுடைய காந்தம் ஒன்றின் இடைவெளியில் 17,000 காஸுக்கு மேற்பட்ட வலிமை உண்டென்று குறிக்கப்பட்டது. பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ அரை காஸ்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்! சில வாட் மின்திறனே இசையால் அறையை நிரப்பிற்று.

இதனை எளிமையின் சிகரம் என்று புகழ்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இலேசான கூம்பு மிகுதியாக அசையாது. தாழ்ந்த சுரங்கள் மெலிந்துபோம். அக்குறை தீர, உள்ளே மடிந்து மடிந்து செல்லும் கொம்புக் குழலுடைய பெரிய மரப்பெட்டி தேவைப்பட்டது. கருவியிற் குறைத்ததைத் தச்சனிடம் கூட்டிக் கொடுத்தார்கள் என்பேன். ஆயினும் அம்முயற்சி எனக்கு மிகவும் உவப்பானது.

1978இல் ஆப்பிரிக்காவின் ஜாயிர் நாட்டு ஷாபா மாகாணத்திற் போர் மூண்டது. உலகுக்குக் கோபால்ட் வழங்கிய முக்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. விலை தாறுமாறாக ஏற, ஒலிபெருக்கி செய்வோர் பலரும் அல்னிக்கோவைக் கைவிட்டு, இரும்பு ஆக்சைடிலிருந்து செய்யப்படும் மலிவான ஃபெரைட் காந்தத்தை ஏற்றனர். அல்னிக்கோவின் உயரமான உருளை போய், அகன்ற தட்டையான வளையம் வந்தது. பழைய பெட்டி கிடைத்தால் பின்புறம் திருப்பிப் பாருங்கள். அது எக்காலத்தது என்பதைக் காந்தத்தின் வடிவமே ஓரளவு கூறிவிடும்.

இக்காலத்திலோ சில சிறு பட்டறைகள், பெருவிலைக்கு, 1925ஆம் ஆண்டின் மின்காந்தத்தையே மீண்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.