யூத ஆகார விதிகளில் கனிகளும் கொட்டைப் பருப்புகளும்

யூதர்களின் ஆகார நியமமாகிய கஷ்ருத், இறைச்சிக்கும் மீனுக்கும் பாலுக்கும் விதிக்கும் கட்டுப்பாடுகளைத் தாவரங்களுக்கு விதிப்பதில்லை. மண்ணில் விளையும் எந்தக் கனியும் தன் இயல்பில் உண்ணத் தக்கதே. எனினும் கனிக்குள் வாசம் செய்யும் புழுவும், அதனை ஈன்ற மரத்தின் வயதும், அது விளைந்த தேசமும் ஆண்டும், பறித்தபின் அதன்மீது பூசப்பெற்ற பொருளும் தனித்தனி விதிகளுக்கு உட்பட்டிருப்பதால், பழம் வாங்குவதும் நியமம் தவறாத யூதருக்கு விசாரணையோடு கூடிய காரியமாகிறது.

இவற்றுள் முதன்மையானது புழுவைப் பற்றிய விலக்கு. ஊரும் சிற்றுயிர்களை உண்ணலாகாது என்று லேவியராகமத்தின் 11-ஆம் அதிகாரம் பன்முறை வற்புறுத்துவதால், ஓர் எறும்பை உண்பவன் ஐந்து விலக்குகளை மீறியவனாகிறான் என்று யூதச் சட்ட விவாத நூலாகிய தால்முது கணக்கிடுகிறது. மரத்தில் இருக்கும்போதே கனியில் தோன்றிய புழு விலக்கப்பட்டது. பறித்த கனிக்குள் தோன்றி வெளிவராத புழுவுக்கு அவ்விலக்கு இல்லை. இப்பகுப்பை, 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ இயற்றிய ஷுல்கான் ஆருக் என்னும் சட்டத்தொகுப்பு, யோரே தேஆ பகுதியின் 84-ஆம் பிரிவில் விரிவாக ஆராய்கிறது. வெறுங்கண்ணுக்குத் தோன்றுவது மட்டுமே விலக்குக்கு உரியது, பூதக்கண்ணாடியால் மட்டும் காணக்கூடியது அன்று என்பது இத்துறையில் நிலைபெற்ற கொள்கை. சாமானியனின் சக்திக்கு மீறியதைச் சட்டம் கேளாது என்னும் கருணை அதில் விளங்குகிறது.

பரிசோதனையில் மிகக் கடினமானது உலர்ந்த அத்தி. ஸ்மிர்னா வகை அத்தி மகரந்தம் பெறுவதே அதன் நுனித்துளை வழியாக உள்நுழையும் ஒரு சிறு குளவியால்தான். கலிபோர்னியாவில் அவ்வகையைக் காய்க்கச் செய்வதற்கு 1899-இல் அக்குளவியையே கொண்டுவந்து குடியேற்ற நேர்ந்தது. இதனோடு, உலர்த்தும் களத்திலும் கிடங்கிலும் வண்டும் அந்துப்பூச்சியும் சேர்கின்றன. வெண்ணிறப் புழுவை விதைகளினின்று பிரித்தறிவது எளிதன்று. ஆதலால் பழத்தைப் பிளந்து, உட்புறம் வெளியாகும்படி புரட்டி, நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின்னரே உண்ண வேண்டும். பேரீச்சம்பழத்தை நீளவாக்கில் பிளந்து கொட்டையை நீக்கிப் பார்த்தால் போதும். வாதுமை, அக்ரூட், பிஸ்தா ஆகியவற்றில் மெல்லிய இழையும் பொடியும் காணப்பட்டால் அவை அந்துப்பூச்சியின் அடையாளம். ராஸ்பெரியின் குழிந்த நடுவிலும் மணிகளின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் இலைப்பேனும் அசுவினியும் கழுவினாலும் எளிதில் அகலாமையால், அப்பழத்தைப் பச்சையாக உண்பதைப் பலர் தவிர்க்கின்றனர். ஸ்ட்ராபெரியையோ காம்புப் பக்கம் சீவிச் சோப்பு நீரில் அலசி உண்கின்றனர். யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதத்துப் பதினைந்தாம் நாள் மரங்களின் புத்தாண்டு. அன்று உலர்ந்த கனிகள் மிகுதியாக உண்ணப்படுவதால், இப்பரிசோதனை வீடுதோறும் நிகழ்கிறது.

மரத்தின் வயதைப் பற்றியது ஓர்லா என்னும் விதி. நட்டபின் முதல் மூன்றாண்டுக் கனி விலக்கப்பட்டது. ஐயமுற்ற கனி இஸ்ரேல் நாட்டில் கூடாது, பிற நாடுகளில் கூடும் என்று பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா தீர்க்கிறது. இதனால் பப்பாளி ஒரு பெரும் வழக்குக்கு இடமாயிற்று. அதனை மரம் என்று கொண்டால், நட்ட சில மாதங்களிலேயே காய்த்துச் சில ஆண்டுகளில் ஓயும் அதன் பலனில் பெரும்பகுதி வீணாகும். உட்கூடான தண்டும் விரைந்த காய்ப்பும் உடையது மரமாகாது என்று அறிஞர் பலர் முடிவு செய்து அதனை அனுமதித்தனர். கத்தரிச் செடி பற்றியும் முற்காலத்தில் இதே வாதம் நடந்ததுண்டு.

இஸ்ரேலில் விளைந்தவற்றுக்கு, ஏழாண்டுக்கு ஒருமுறை நிலம் ஓய்வு பெறும் ஷெமிட்டா விதியும், பிற ஆண்டுகளில் தசமபாகம் பிரிக்கும் கடமையும் உண்டு. 2021 செப்டம்பரில் ஒரு ஷெமிட்டா தொடங்கியது. கனியின் ஆண்டு, பறிக்கும் நாளால் அன்றி, மரத்தில் அது உருக்கொள்ளும் பருவத்தால் நிச்சயிக்கப்படுவதால், அவ்வாண்டின் கனிகள் ஆண்டு முடிந்த பின்னரும் சந்தைக்கு வந்தன.

பக்குவம் செய்யும் முறையும் கவனிக்கத் தக்கது. ஆப்பிள் முதலியவற்றின் பளபளப்புக்குப் பயன்படும் அவலரக்கு, இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் அரக்குப் பூச்சியின் சுரப்பு. பூச்சியினின்று வருவதாயினும் அதனை யூதச் சட்ட அறிஞர் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் அனுமதித்தார். ஓடு நீக்காத, வறுக்காத கொட்டைகளுக்குக் கஷ்ருத் சான்று முத்திரை வேண்டியதில்லை. வறுத்த பருப்புக்கோ எண்ணெயின் மூலமும், அதே பாத்திரத்தில் முன்பு வறுபட்ட பொருளும் ஆராயப்பட வேண்டும். உப்பும் மசாலாவும் ஒட்டுவதற்காகச் சில வறுத்த வேர்க்கடலைகளில் விலங்குப் பொருளாகிய ஜெலட்டின் சேர்க்கப்படுவதால், பொட்டலத்தின் மீதுள்ள பொருட்பட்டியலைப் படிப்பதும் அவசியமாகிறது.