வால்வு மேல எழுதியிருக்கற பேர்

இன்னைக்கு எபிசோட் ஒரு கண்ணாடிக் குழாயோட வரலாறு. கொஞ்சம் ரிப்பேர் பாடமும் சேர்ந்து வரும்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டுல ஆரம்பிக்கலாம். 1940-கள்ல ரமணாசிரமத்து ஹால்ல ஒரு ரேடியோ இருந்தது. அங்கே தங்கியிருந்த பக்தர்கள் எழுதிவெச்ச குறிப்புகள்ல அது வருது. சென்னை வானொலி 1938லயும் திருச்சி வானொலி 1939லயும் தொடங்கியாச்சு, அதனால கேக்கறதுக்குத் தமிழ் நிகழ்ச்சிகளும் இருந்தது. அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது வால்வுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஏன்னா ட்ரான்சிஸ்டரைக் கண்டுபிடிச்சதே 1947 டிசம்பர்லதான். ட்ரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது 1954ல.

அந்தக் காலத்து வால்வு ரேடியோவோ, ஷட்டர் வெச்ச மரப்பெட்டி டிவியோ உங்க தாத்தா வீட்டுப் பரண்லயும் இருக்கலாம். அதை இறக்கி ஓட வைக்கணும்னா ஒரு கேள்வியைத் தாண்டியாகணும்: ரெக்டிஃபையர் வால்வு போயிருந்தா, பதிலுக்கு எதைப் போடறது?

முதல்ல, ரெக்டிஃபையர்னா என்ன? வீட்டுக்கு வர்ற 230 வோல்ட் கரண்ட் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வரும். ரேடியோவுக்கும் டிவிக்கும் வேண்டியது ஒரே திசையில ஓடற கரண்ட். அப்படி மாத்திக் கொடுக்கறதுதான் ரெக்டிஃபையர். 1904ல ஜான் அம்ப்ரோஸ் ஃப்ளெமிங் செஞ்ச முதல் வால்வோட வேலையும் இதேதான். தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடற பம்ப் வால்வு மாதிரி இருக்கறதால அந்தப் பேர். அமெரிக்கர்கள் அதை டியூப்னு சொன்னாங்க. நாம பிரிட்டிஷ்காரங்க சொன்ன வால்வையே பிடிச்சுக்கிட்டோம்.

டிவி 1959 செப்டம்பர் 15ல டெல்லியில சோதனை முயற்சியா தொடங்கிச்சு. சென்னை தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15ல. அந்தக் காலத்து கறுப்பு வெள்ளை செட் பலதும் பாதி ட்ரான்சிஸ்டர், பாதி வால்வு. வால்வுக்கு இறக்குமதியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கல. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961லயே ரேடியோ வால்வு தயாரிக்க ஆரம்பிச்சிருந்தது. அவங்க வால்வுகள்லயும் ஐரோப்பிய முறைப் பேர்கள்தான் அச்சடிச்சிருக்கும்.

அந்தப் பேர்லதான் விஷயமே இருக்கு. 1934ல ஐரோப்பாவுல ஒரு பெயர் முறை வந்தது. முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும், அதாவது உள்ளே சிவப்பா எரியற கம்பியை. ஈ-ன்னா 6.3 வோல்ட். பி-ன்னா 300 மில்லி ஆம்பியர். அடுத்த எழுத்து வேலையைச் சொல்லும். இசட்னா முழு அலை ரெக்டிஃபையர், ஒய்னா அரை அலை. மேனுவல் கையில இல்லாத மெக்கானிக்கும் இந்த ரெண்டு எழுத்தை வெச்சே பாதி வேலையை முடிச்சிடலாம்.

ரேடியோவுல வர்ற ஈ.இசட். 80, ஈ.இசட். 81 ரெண்டையும் எடுத்துக்குங்க. ரெண்டுக்கும் ஒரே சாக்கெட்தான். ஆனா 80 கொடுக்கறது 90 மில்லி ஆம்பியர், 81 கொடுக்கறது 150. அப்போ பெருசையே போட்டுடலாமேன்னு தோணும். 80-க்கு ஹீட்டர் கரண்ட் 0.6 ஆம்பியர், 81-க்கு 1 ஆம்பியர். அந்தக் கூடுதல் சுமையைப் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்குமான்னு பார்க்காம போட்டா, ட்ரான்ஸ்ஃபார்மரே புகைஞ்சிடலாம்.

டிவியில கதை வேற. அங்கே பி வரிசை வால்வுகளோட ஹீட்டர் எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்திருக்கும். கார்த்திகை தீபத்துக்குத் தெருவுல கட்டற சீரியல் செட் மாதிரி, ஒண்ணு போனா மொத்தமும் அணைஞ்சிடும். மெயின்ஸ் ரெக்டிஃபையரான பி.ஒய். 82-க்குப் பதிலா சிலிக்கான் டயோடு போடலாம். ஆனா அந்த வால்வு எடுத்துக்கிட்ட 19 வோல்ட்டை வேற யாராவது எடுத்துக்கணும். கணக்கு சுலபம்: 19-ஐ 0.3-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 63 ஓம். கிட்டத்தட்ட 6 வாட் சூடாகும், அதனால 10 வாட் ரெசிஸ்டர் போடணும். இதை விட்டா ஹீட்டர் வரிசையே அறுந்து நிக்கும். நேரா ஒயரைப் போட்டு இணைச்சா மத்த வால்வுகளுக்குக் கூடுதல் கரண்ட் போகும். இன்னொண்ணு, டயோடு உடனே வேலை செய்யும். மத்த வால்வுகள் சூடாகறதுக்கு முன்னாடியே முழு வோல்ட்டேஜும் வந்து பழைய கண்டென்சர்கள் மேல மோதும். அதுக்கும் ஒரு ரெசிஸ்டர் வேணும்.

அதே டிவியில பி.ஒய். 88னு ஒண்ணு இருக்கும். எழுத்து அதேதான், ஆனா இது மெயின்ஸ் ரெக்டிஃபையர் இல்ல. தலையில தொப்பி மாதிரி ஒரு கனெக்‌ஷன் இருக்கும். படத்தை அகலமா விரிக்கற சர்க்யூட்ல ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பைத் தாங்கற வால்வு இது. இதோட இடத்துல 82-ஐ வைக்கவே கூடாது. பிக்சர் டியூபுக்கு 10,000 வோல்ட்டுக்கு மேல அனுப்பற டி.ஒய். 802 மூணாவது வகை. அந்தப் பக்கம் கை வைக்காதீங்க. ஸ்விட்சை அணைச்ச பிறகும் பிக்சர் டியூப் சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

புது வால்வை வைக்கறதுக்கு முன்னாடி கண்டென்சரைச் சோதிங்க. பல தடவை ரெக்டிஃபையரைக் கொன்னது லீக்காகற கண்டென்சராத்தான் இருக்கும். அதை மாத்தாம வால்வை மாத்தினா, ரெண்டாவதும் அதே வழியில போயிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கிட்டார் ஆம்ப்ளிஃபையர் புண்ணியத்துல ஈ.இசட். 81 மாதிரி சில வால்வுகள் இன்னைக்கும் புதுசா தயாராகுது. பி.ஒய். 88, டி.ஒய். 802 எல்லாம் தயாரிப்புல இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஏதோ ஒரு மெக்கானிக்கோட அட்டைப்பெட்டியிலயோ மிச்சம் இருக்கறதுதான் இருப்பு. சாக்கெட்ல பொருந்துதேன்னு ஒண்ணை எரிச்சா, உலகத்துல ஒண்ணு குறையும். அதனால பேரைப் படிங்க, ஹீட்டரைப் பாருங்க, கண்டென்சரைச் சோதிங்க, அப்புறம் வாங்குங்க. டயோடு போட்டாலும் பழைய சாக்கெட்டைப் பிடுங்காதீங்க. நாளைக்குச் சரியான வால்வு கிடைச்சா திரும்ப வைக்க இடம் வேணும்ல.