கரடியை விரட்டிய வாசகர்கள்

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் வாசகர் மதிப்புரைகளைப் படித்துவிடுவது என் வழக்கம். அதிலும் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். நாவல்களுக்கு இது அவ்வளவாக உதவாது. பிடித்தது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அபுனைவு நூல்களின் கதை வேறு. வரலாறோ பொருளாதாரமோ அறிவியலோ, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தர், "இந்த அத்தியாயத்துல வர்ற கணக்கே தப்புங்க" என்று நாலு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார். அந்த நாலு வரி ஆசிரியரின் கண்ணில் பட்டதா, பட்டு ஏதாவது செய்ததா என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் ஒரு புத்தகத்தின் விஷயத்தில் நன்றாகவே தெரியும். சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்'. 1859க்கும் 1872க்கும் நடுவில் அவர் கைப்பட ஆறு பதிப்புகள் வந்தன. மோர்ஸ் பெக்கம் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த ஆறையும் வரிக்கு வரி ஒப்பிட்டு 1959இல் ஒரு தடித்த நூலாகக் கொண்டுவந்தார். முதல் பதிப்பில் இருந்தவை 3,878 வாக்கியங்கள். அவற்றில் முக்கால்வாசி ஒரு தடவையாவது திருத்தப்பட்டிருக்கிறது. சில வாக்கியங்களை ஐந்து பதிப்புகளிலும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். ஆறாம் பதிப்பு முதலாவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளம். என் மேசையில் இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் விழுந்த இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வாசகர்களால் வந்தது.

இந்தப் புத்தகத்துக்கு வந்த முதல் வாசகர் கருத்து அச்சேறும் முன்பே வந்துவிட்டது. பதிப்பாளர் ஜான் மர்ரி, கைப்பிரதியைப் பற்றி விட்வெல் எல்வின் என்பவரிடம் கருத்துக் கேட்டார். எல்வின் ஒரு பாதிரியார், 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வின் ஆசிரியரும்கூட. இவ்வளவு பெரிய விஷயத்தை ஆதாரங்களை முழுக்க வைக்காமல் இப்போது வெளியிட வேண்டாம், அதற்குப் பதில் டார்வின் புறாக்களைப் பற்றி மட்டும் ஒரு சின்னப் புத்தகம் எழுதட்டுமே, புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்குமே என்பது அவர் யோசனை. சிரிப்பு வரும்தான். ஆனால் அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டார்வின் புறா வளர்த்தவர், முதல் அத்தியாயத்தில் பக்கம் பக்கமாகப் புறாதான். அந்தக் கால இங்கிலாந்தில் புறாப் புத்தகம் நிச்சயம் விற்றிருக்கும்.

மர்ரி கேட்கவில்லை. 1859 நவம்பரில் 1,250 பிரதிகள் அச்சாகி, புத்தகக் கடைக்காரர்கள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். உடனே இரண்டாம் பதிப்பு வேண்டியிருந்தது. அதற்குள் மதிப்புரைகளும் வர ஆரம்பித்துவிட்டன.

அந்நாளைய ஆங்கிலப் பத்திரிகைகளில் மதிப்புரைக்குப் பெயர் போடும் வழக்கம் கிடையாது. டிசம்பர் 26 அன்று 'டைம்ஸ்' நாளிதழில் டார்வினை வானளாவப் புகழ்ந்து ஒரு மதிப்புரை வந்தது. அங்கே வழக்கமாக எழுதுபவருக்கு அறிவியல் பிடிபடவில்லை. ஆகவே வேலை கைமாறி, வந்து சேர்ந்த இடம் தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினின் நெருங்கிய நண்பர். தொடக்கத்தில் சில பத்திகளை மட்டும் பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் 'எடின்பரோ ரிவ்யூ'வில் நேரெதிராக ஒன்று வந்தது. நக்கலும் நஞ்சுமாக எழுதியிருந்தவர், இடையிடையே 'பேராசிரியர் ஓவன்' என்பவரின் ஆய்வுகளை மட்டும் மரியாதையோடு குறிப்பிட்டிருந்தார். எழுதியது யார் என்று கேட்கிறீர்களா? பேராசிரியர் ரிச்சர்ட் ஓவனேதான். 'டைனோசர்' என்ற சொல்லை உண்டாக்கிய அதே ஓவன். நண்பன் முகமூடி போட்டு ஐந்து நட்சத்திரம் கொடுப்பதும், போட்டியாளர் முகமூடி போட்டு ஒன்று கொடுப்பதும் இணையம் கண்டுபிடித்த கலை இல்லை.

இந்த இரண்டு மதிப்புரைகளாலும் புத்தகத்துக்குள் பெரிதாக எதுவும் மாறவில்லை. டார்வினுக்கு ஒன்று மகிழ்ச்சி கொடுத்தது, இன்னொன்று தூக்கத்தைக் கெடுத்தது. வாக்கியங்களை மாற்றியவர்கள் வேறு ஆட்கள்.

முதல் பதிப்பின் ஆறாம் அத்தியாயத்தில் ஒரு கரடி வருகிறது. வட அமெரிக்காவில் ஹெர்ன் என்ற பயணி பார்த்த கருங்கரடி. அது மணிக்கணக்காக வாயைத் திறந்துகொண்டே நீந்தி, திமிங்கலம் மாதிரி தண்ணீரிலிருக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னுமாம். இப்படிப்பட்ட கரடிகள் தலைமுறை தலைமுறையாக நீருக்குப் பழகி, வாய் பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் திமிங்கலம் போன்ற ஒரு பிராணியாக ஆவதில் தனக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை என்று எழுதிவிட்டார் டார்வின். போதாதா? கரடி திமிங்கலமான கதை என்று பிடித்துக்கொண்டார்கள். கிண்டலடித்தவர்களில் ஓவனும் உண்டு. இரண்டாம் பதிப்பில் கரடி நீந்துகிறது, பூச்சி பிடிக்கிறது, திமிங்கலமாக மட்டும் ஆவதில்லை. தனிக் கடிதங்களில் டார்வின் கரடியை விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு இந்தக் கரடி மேல் ஒரு வாஞ்சை உண்டு. திமிங்கலங்கள் கரடியிலிருந்து வரவில்லை, அது சரி. ஆனால் நிலத்தில் நாலு காலில் நடந்த பாலூட்டியிலிருந்துதான் வந்தன. பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ், காஷ்மீரில் கிடைத்த இந்தோஹையஸ் போன்ற புதைபடிவங்கள் அதைக் காட்டுகின்றன. இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கலத்தின் மிக நெருங்கிய சொந்தக்காரர் நீர்யானை. ஆக, டார்வின் பிராணியைத்தான் தவறாகப் பிடித்தார், நடந்த காரியத்தை இல்லை. வாசகர்கள் சிரித்ததும் அவர் வெட்டிய வரியில் ஓர் உண்மையும் சேர்ந்தே போய்விட்டது.

தெற்கு இங்கிலாந்தின் வீல்ட் பள்ளத்தாக்குக் கணக்கு இதற்கு நேர்மாறு. அந்த நிலம் அரித்துப் பள்ளமாக எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு 30,66,62,400 ஆண்டுகள் என்று எழுதியிருந்தார் டார்வின். அந்தக் கடைசி நானூறு ஆண்டு வரைக்கும் போன துல்லியத்தைப் பாருங்கள்! 'சாட்டர்டே ரிவ்யூ'வில் ஒருவரும், பிறகு ஜான் பிலிப்ஸ் போன்ற புவியியலாளர்களும் கணக்கைக் கிழித்தார்கள். இரண்டாம் பதிப்பில் தயக்கத்தோடு ஒரு குறிப்பு சேர்ந்தது, மூன்றாம் பதிப்பில் மொத்தக் கணக்குமே காணாமல் போயிற்று. போக வேண்டியதுதான் அது.

கடவுள் உள்ளே வந்த கதையும் இருக்கிறது. நாவலாசிரியரும் பாதிரியாருமான சார்லஸ் கிங்ஸ்லி, முன்கூட்டியே வந்த பிரதியைப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். தானாக வளர்ந்து பெருகும் வல்லமையோடு சில ஆதி வடிவங்களைப் படைத்த கடவுளும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படைத்த கடவுளைப் போலவே மேன்மையானவர்தானே என்பது அவர் வாதம். டார்வின் அனுமதி வாங்கிக்கொண்டு, பெயர் சொல்லாமல் அந்தக் கருத்தை இரண்டாம் பதிப்பில் சேர்த்தார். கூடவே புத்தகத்தின் கடைசி வாக்கியத்தில், உயிர் ஊதப்பட்டது என்ற இடத்தில் 'படைத்தவரால்' என்ற சொல்லையும் நுழைத்தார். பொதுமக்களின் கருத்துக்குப் பயந்து இப்படி எழுதியது பற்றி 1863இல் நண்பர் ஹூக்கரிடம் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டாரே தவிர, எடுக்கவில்லை. ஆறாம் பதிப்பு வரை அந்தச் சொல் அங்கேயே இருக்கிறது.

பேட்ரிக் மாத்யூ என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர், கப்பல் மரங்கள் பற்றி 1831இல் தான் எழுதிய நூலின் பின்னிணைப்பிலேயே இயற்கைத் தேர்வைச் சொல்லிவிட்டதாக ஒரு தோட்டக்கலை இதழுக்கு எழுதினார். பார்த்தால் சொல்லித்தான் இருந்தார். டார்வின் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, முன்னோடிகளைப் பற்றிய வரலாற்றுக் குறிப்பு ஒன்றில் அவரையும் சேர்த்துப் புத்தகத்தின் முகப்பில் வைத்தார்.

இவர்கள் எல்லோரையும் தாண்டி எனக்கு முக்கியமாகப் படுகிறவர் ஃப்ளீமிங் ஜென்கின். இவர் உயிரியலாளர் இல்லை. கடலடித் தந்திக் கம்பிகள் போடுவதில் தேர்ந்த பொறியியலாளர். பிற்பாடு லார்ட் கெல்வின் ஆன வில்லியம் தாம்சனின் தொழில் கூட்டாளி. நாவலாசிரியர் ஆர். எல். ஸ்டீவன்சனுக்கு எடின்பரோவில் ஆசிரியராக இருந்து, பின்னாளில் அவர் கையாலேயே வாழ்க்கை வரலாறு எழுதப்பெற்றவர். 1867 ஜூனில் 'நார்த் பிரிட்டிஷ் ரிவ்யூ'வில் பெயர் போடாமல் நாற்பது பக்கத்துக்குக் குறையாத ஒரு மதிப்புரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 34. பைபிளை இழுக்கவில்லை, கரடியை இழுக்கவில்லை. கணக்கை இழுத்தார்.

அவர் கேட்டதை நம் சமையலறைக்கு வந்து இப்படிச் சொல்லலாம். ஓர் அண்டா நிறையப் பால். அதில் ஒரு சொட்டு டிகாஷன் விடுகிறோம். பால் காப்பியாகுமா? அந்தக் காலத்தில், பிள்ளை என்பது அப்பா அம்மா இரண்டு பேரின் குணமும் கலந்து நடுவில் நிற்பது என்றுதான் டார்வின் உட்பட எல்லோரும் நினைத்தார்கள். அப்படியானால் ஒரே ஒரு பிராணிக்கு அபூர்வமாக ஒரு நல்ல மாற்றம் வந்தாலும், அது சாதாரணத் துணையோடு சேர்ந்தால் பிள்ளைக்குப் பாதி, பேரனுக்குக் கால், கொள்ளுப்பேரனுக்கு அரைக்கால். இயற்கை தேர்ந்தெடுக்க அங்கே என்ன மிச்சம் இருக்கும்? இதைச் சொல்ல ஜென்கின் எடுத்த உதாரணம் அருவருப்பானது. கறுப்பின மக்கள் வாழும் தீவில் ஒதுங்கிய ஒரு வெள்ளையன், அவன் எவ்வளவு 'மேலானவனாக' இருந்தாலும் தீவு வெள்ளையாகிவிடாது என்கிறார். அந்தக் காலத்து இனத்திமிர் முழுசாக அதில் இருக்கிறது. ஆனால் உதாரணத்தைத் தூக்கி எறிந்தாலும் கேள்வி விழவில்லை. கூடவே, பூமிக்கு அவ்வளவு வயதே ஆகவில்லை என்ற தாம்சனின் வாதத்தையும் அடுக்கியிருந்தார்.

டார்வின் என்ன செய்தார் என்பதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. அவருக்கு அப்போது 58 வயது, உலகப் புகழ், பாதி நாள் உடம்பு சரியில்லை. கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஹக்ஸ்லியை ஏவிவிட்டிருக்கலாம். மாறாக, 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒற்றை மாற்றம் நிலைப்பது எவ்வளவு அரிது என்பது இந்தக் கட்டுரையைப் படிக்கும் வரை தனக்கு உறைக்கவில்லை என்று இதழின் பெயரைச் சொல்லியே எழுதினார். தனிப்பட்ட ஒரு பிராணியின் அபூர்வ மாற்றத்தை விட்டுவிட்டு, கூட்டம் முழுக்கப் பரவியிருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் மேல் அழுத்தத்தை நகர்த்தினார். வேறெந்த மதிப்புரையையும்விட இது தனக்குத் தொந்தரவும் கொடுத்தது, பயனும் தந்தது என்கிற அர்த்தத்தில் ஹூக்கருக்கு ஒரு கடிதமும் போட்டார்.

இந்த அடி டார்வினை எந்த அளவுக்கு ஆட்டியது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. ஜென்கின் சொல்வதற்கு முன்பே அவர் இந்தத் திசையில் யோசித்திருந்தார் என்பார்கள் சிலர். இருக்கட்டும். பதில் தெரியாத கேள்வியைப் பதில் தெரியாது என்று தெரிந்தே தன் புத்தகத்துக்குள் விட்டார் இல்லையா, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பதில் அதற்கு முந்தின வருஷமே அச்சாகியிருந்தது. ப்ருன் நகரத்து மடத்தில் பட்டாணிச் செடி வளர்த்த கிரெகோர் மெண்டலின் கட்டுரை 1866இல் வந்தது. பால், டிகாஷன் எல்லாம் இல்லை, குணங்கள் மணிகளைப் போல முழுசாகக் கைமாறுகின்றன, ஒரு தலைமுறையில் மறைந்தாலும் அடுத்ததில் அப்படியே திரும்பி வரும் என்று காட்டியது அது. மணி பாதியாகத் தேயாது, ஆகவே ஜென்கினின் கணக்கும் செல்லாது. டார்வினும் அதைப் படிக்கவில்லை, ஜென்கினும் படிக்கவில்லை. மணிகளை வைத்துக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை ரொனால்ட் ஃபிஷர் 1930இல் விரிவாக எழுதினார். அதற்குள் இரண்டு பேரும் இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஜென்கினுக்குப் பிறகு மிவார்ட். பாதி இறக்கை வைத்துக்கொண்டு ஒரு பிராணி என்ன செய்யும் என்று 1871இல் ஒரு புத்தகமே போட்டுக் கேட்டார். அவருக்கும் இன்ன பிறருக்கும் பதில் சொல்ல ஆறாம் பதிப்பில் டார்வின் ஓர் அத்தியாயமே புதிதாக ஒதுக்கினார். டார்வின் என்றதும் பாடப்புத்தகம் போடுமே ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து, அதற்கான விளக்கம் அந்தச் சண்டையில் பிறந்ததுதான். முதல் பதிப்பில் ஒட்டகச்சிவிங்கியின் வாலுக்கு, ஈ விரட்டுகிற வாலுக்கு, கிடைத்த கவனம் கழுத்துக்குக் கிடைக்கவில்லை.

இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசிக்கச் சுகமானது முதல் பதிப்புதான். ஒரு மனிதர் இருபது வருஷம் மனசுக்குள் வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லும் வேகம் அதில் இருக்கிறது. ஆறாவதில் மூச்சுக்கு ஒருமுறை நின்று, யாரோ கேட்ட கேள்விக்குத் திரும்பிப் பதில் சொல்கிறார். சில பதில்கள் வழவழா. பரம்பரைக் கேள்விக்கு விடை கிடைக்காததால், பழக்கத்தால் வந்த மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்ற பழைய கருத்தின் மேல் அதிகமாகச் சாய்கிறார். ஆனால் ஒரு புத்தகத்தோடு ஊரே வாதாடிய சத்தம் அதில்தான் கேட்கிறது. ஜென்கினின் குரல் உள்ளே இருப்பதற்காகவே நான் அதை அலமாரியிலிருந்து எடுப்பதுண்டு.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். ஆறாம் பதிப்புதான் மலிவு விலையில் வந்து உலகமெல்லாம் பரவியது, ஆகவே இன்றும் பல மறுபதிப்புகள் அதையே போடுகின்றன. பெங்குவின் போன்ற சில பதிப்பகங்கள் மட்டும் முதலாவதைப் போடுகின்றன. அட்டையில் எந்தப் பதிப்பு என்று இல்லாவிட்டால் பொருளடக்கத்தைப் பாருங்கள். பதினான்கு அத்தியாயம் என்றால் பழையது. பதினைந்து இருந்து, ஏழாவதில் மறுப்புகளுக்குப் பதில் என்று வந்தால் ஆறாவது. அதிலும் சந்தேகம் தீராவிட்டால், ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டிக் கரடி என்ன ஆகிறது என்று பாருங்கள்.