விரியாத விரல்கள்

தெமோதரை லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள் நான். பெரியம்மா கூடைக்கயிற்றை இறுக்கிப் பிடித்தால் விரல்கள் உடனே விரியாது. பெரட்டுக்களத்தில் அவரைச் சோம்பேறி என்று ஏசினார்கள், அது அநியாயம். அவருடைய தகப்பனாருக்குக் கண்புரை மட்டும்தான். மகனுக்கோ சிறுவயதிலேயே தசை தளர்ந்தது. அவனைப் பரிசோதித்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது: மயோடோனிக் டிஸ்ட்ரோபி.

1909இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்டைனெர்ட் இதை விவரித்தார். காரணம் பிடிபட்டது 1992இல். 19ஆம் குரோமோசோமில் 37 தடவைக்குள் நிற்கவேண்டிய சிடிஜி என்ற மூன்றெழுத்து, ஐம்பதைத் தாண்டி, ஆயிரக்கணக்கிலும் பெருகுகிறது. தலைமுறைதோறும் நீள்வதால் நோயும் முந்தி வருகிறது. அந்தப் பகுதி புரதமாவதே இல்லை. கேடு செய்வது ஆர்என்ஏ. தன் நிலையத்துக்கு அடியிலேயே வளைந்து வரும் எங்கள் ரயில்பாதை போல அது தன்மேலேயே மடிந்து, மசில்பிளைண்ட் புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவை இல்லாமல் தசையின் குளோரைடு வாயில்கள் சரியாக அமையாது. இறுகிய கை தளரத் தாமதிக்கிறது.