ஸ்பீட்மாஸ்டரின் வாரிசு எது? பழைய கைக்கடிகாரங்களும் அவற்றின் மீள்வெளியீடுகளும்

1957-இல் வெளிவந்த தன் மூன்று கைக்கடிகாரங்களை ஒமேகா நிறுவனம் 2017-இல் மறுபடியும் செய்து விற்றது. ஸ்பீட்மாஸ்டர், சீமாஸ்டர் 300, ரெயில்மாஸ்டர் ஆகியவையே அவை. மூலக் கடிகாரங்களை டோமோகிராஃபி முறையில் ஊடுருவிப் படமெடுத்து, அந்த அளவுகளின்படி புதிய கூடுகளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு வகையிலும் 3,557 கடிகாரங்கள் மட்டுமே செய்யப்பட்டன. ஸ்பீட்மாஸ்டரின் கூடு 38.6 மில்லிமீட்டராகப் பழைய அளவுக்கே திரும்பியது. ஆனால் அதற்குள் ஓடியது 1957-இன் 321 எண் உள்பொறி அல்ல. 1968-இல் அதன் இடத்துக்கு வந்த 861-இன் வழித்தோன்றலான 1861. 321 உள்பொறியைத் திரும்பக் கொண்டுவருவதாக 2019 ஜனவரியில் அறிவித்த நிறுவனம், மறு ஆண்டு அதை ஓர் எஃகுக் கடிகாரத்தில் வைத்தும் கொடுத்தது. அந்தக் கடிகாரத்திலோ அக்ரிலிக் கண்ணாடிக்குப் பதில் சஃபயர், அலுமினிய வளையத்துக்குப் பதில் பீங்கான். கூட்டைத் தந்தபோது உள்பொறியைத் தரவில்லை. உள்பொறியைத் தந்தபோது கூட்டின் பொருள்களை மாற்றிவிட்டார்கள்.

இன்றைய ஆடம்பரக் கடிகாரங்கள் தம் மூலங்களுக்கு ஈடாகின்றனவா என்ற கேள்வி, பெரும்பாலும் ரசனைச் சண்டையாகவே முடிந்துவிடுகிறது. விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டது, தேதிச் சாளரம் புகுந்துவிட்டது என்பது ஒரு தரப்பு. நீர் புகாமையும் துல்லியமும் பல மடங்கு உயர்ந்திருக்கின்றன என்பது மறுதரப்பு. இரண்டும் உண்மைதான். ஆனால் எதற்கு ஈடாக வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் ஈடானதா என்று கேட்பதில் பயனில்லை. பழைய கடிகாரத்தின் தோற்றத்தைப் படியெடுப்பதில் இன்றைய தயாரிப்பாளர்கள் அபாரத் திறன் காட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தோற்றத்தைப் பிறப்பித்த வேலையை மிகச் சில கடிகாரங்களே மரபாகப் பெற்றிருக்கின்றன என்பது என் வாதம். அப்படிப் பெற்றவை பல நேரங்களில் மூலத்தைப் போலவே இருப்பதில்லை.

இதைப் பேச வியன்னாவின் கலை வரலாற்றாசிரியர் ஆலோய்ஸ் ரீகல் 1903-இல் வெளியிட்ட, நினைவுச் சின்னங்கள் பற்றிய ஆய்வு பெரிதும் உதவுகிறது. பழம்பொருளை நாம் மதிப்பதற்கான காரணங்களை அவர் பிரித்துக் காட்டினார். ஒரு காலத்தின் சான்றாக நிற்பதால் வருவது வரலாற்று மதிப்பு. இயற்கை அதன்மேல் பதித்த தேய்மானமும் சிதைவும் கண்ணில் படுவதால் வருவது முதுமை மதிப்பு. அதை உணரப் படிப்பறிவு தேவையில்லை. வண்ணமும் வடிவமும் குறைவின்றி முழுமையாக இருப்பதால் வருவது புதுமை மதிப்பு. கடைசி இரண்டும் ஒன்றையொன்று தாக்கும் என்பது ரீகலின் முடிவு: ஒன்று சிதைவை வேண்டுகிறது, மற்றொன்று சிதைவைச் சகிக்காது. தேவாலயங்களையும் சிற்பங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்தப் பாகுபாடு, மணிக்கட்டில் கட்டும் பொருளுக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. இன்றைய மீள்வெளியீடு விற்க முயல்வது, ஒன்றாக இருக்க முடியாது என்று அவர் சொன்ன அந்த இரண்டையும்தான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று இருளில் ஒளிரும் பூச்சு. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த துத்தநாக சல்பைடு பூசப்பட்டது. நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரத்திலும் இல்லினாயின் ஒட்டாவாவிலும் டயல்களுக்கு வண்ணம் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித் தரப்பட்டார்கள். பலர் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். கடிகார வரலாற்றில் அழகைப் பற்றிப் பேசும் எவரும் கடந்துபோகக் கூடாத இடம் இது. 1960-களில் ரேடியத்தின் இடத்துக்கு டிரிடியம் வந்தது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள், டிரிடியத்தினுடையது 12.3 ஆண்டுகள். 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கதிரியக்கமே இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சைக் கண்டுபிடித்தது. சூப்பர் லூமினோவா என்ற பெயரில் சுவிஸ் கடிகாரங்கள் இன்று பயன்படுத்துவது அதன் வழிவந்ததே.

பழைய கதிரியக்கப் பூச்சு புதிதாக இருந்தபோது வெளிர் நிறம் கொண்டிருந்தது. பல பத்தாண்டுகளில் துத்தநாக சல்பைடும் அதைப் பிணைத்த பசையும் சிதைந்து, வைக்கோல் நிறமாகவும் சில கடிகாரங்களில் அடர்பழுப்பாகவும் மாறின. ரேடியக் கடிகாரங்களில் கதிர்வீச்சு நிற்கவில்லை, ஒளி மட்டும் செத்துவிட்டது. 2017-இன் மூன்று கடிகாரங்களிலும் இந்தப் பழுப்பு நிறத்தையே புதிய சூப்பர் லூமினோவாவுக்குச் சாயமாக ஏற்றினார்கள். 1957-இல் கடைக்கு வந்து ஸ்பீட்மாஸ்டரை வாங்கியவர் இந்த நிறத்தைப் பார்த்ததே இல்லை. ஆகவே இது 1957-இன் கடிகாரத்தைப் படியெடுக்கவில்லை. அறுபது ஆண்டு கழித்து ஏலக்கூடத்துக்கு வந்து நிற்கும் கடிகாரத்தைப் படியெடுக்கிறது. முதுமை மதிப்பு காலம் மட்டுமே தரக்கூடியது என்றால், ஆலையில் பூசிய முதுமை ஒரு நிறம், அவ்வளவே. வடிவத்தில் இவ்வளவு நேர்மையாக அளவெடுத்தவர்கள் நிறத்தில் வேறு காலத்துக்குத் தாவியது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தக் கடிகாரங்கள் 1957-இன் வெளிர் நிறத்தோடு வந்திருந்தால், வரலாற்று மதிப்பின் அளவிலாவது ஐயமின்றித் தேறியிருக்கும்.

321-இன் கதை இதைவிடச் சிக்கலானது, மீள்வெளியீட்டுக்குச் சாதகமானதும் கூட. 1940-களின் தொடக்கத்தில் லெமானியா ஆலையில் ஆல்பர்ட் பிகே வடிவமைத்த கிரோனோகிராஃப் உள்பொறி அது. லெமானியாவும் ஒமேகாவும் 1932 முதல் ஒரே குழுமத்தில் இருந்தன. அதே அடித்தளப் பொறியைப் படேக் ஃபிலிப், வாஷெரோன் கான்ஸ்டான்டின் போன்ற உயர்தர நிறுவனங்களும் பிற்காலத்தில் வாங்கிச் செப்பனிட்டுத் தம் பெயரில் பயன்படுத்தின. சொந்த ஆலையிலேயே எல்லாவற்றையும் செய்வதுதான் உயர்வு என்று இன்று விளம்பரப்படுத்தப்படுகிறது. பொற்காலம் என்று நாம் போற்றும் ஆண்டுகள் அப்படி இயங்கவில்லை. ஜெகர்-லெகூல்த்ர் 1931-இல் வெளியிட்ட முதல் ரிவெர்சோக்களில்கூட டவான் நிறுவனத்தின் உள்பொறிகள்தாம் இருந்தன.

321-இல் ஓட்டம், நிறுத்தம், மீட்டமைப்பு ஆகிய கட்டளைகளை ஒரு தூண்சக்கரம் பிரித்துத் தரும். அதைச் செய்யவும் சரிக்கட்டவும் அதிக நேரம் ஆகும். 1968-இல் வந்த 861 தூண்சக்கரத்துக்குப் பதில் எளிய கேம் அமைப்பைக் கொண்டது. அதிர்வெண் மணிக்கு 18,000-இலிருந்து 21,600-க்கு உயர்ந்தது. பொறியியல் நோக்கில் அது பின்னடைவு அல்ல. மலிவாகவும் நம்பகமாகவும் செய்யத் தகுந்த பொறி. அரை நூற்றாண்டுக்குப் பின் 321-ஐத் திரும்பச் செய்ய, 1972-இல் அப்பல்லோ 17-இல் யூஜின் செர்னன் நிலவில் அணிந்திருந்த கடிகாரத்தை ஊடுருவிப் படமெடுத்தார்கள். பீல் நகரில் தனிப் பட்டறையும் அமைத்தார்கள். அங்கே ஒவ்வொரு கடிகாரத்தையும் ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவுவரை பூட்டுகிறார். பொறியின் அதிர்வெண் அதே 18,000.

காந்தப்புலத் தாங்கலிலும் துல்லியத்திலும் இது 2019-இன் 3861 உள்பொறிக்கு ஈடாகாது. 3861 ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் அமைப்பைக் கொண்டது. 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கும். நாளுக்கு 0 முதல் 5 நொடி வரை மட்டுமே முந்தலாம் என்ற சுவிஸ் அரசு அளவியல் நிறுவனத்தின் வரம்புக்குள் நிற்கும். கைபேசியும் பையின் காந்தப் பொத்தானும் நாள்தோறும் கையருகே இருக்கும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. இருந்தும் 321-ஐத் திரும்பச் செய்ததை நான் வரவேற்கிறேன், வாங்குபவருக்காக அல்ல, பட்டறைக்காக. கைத்திறன் எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதற்கு ஜெனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ சாட்சி. 1969-இல் அறிமுகமான அந்த உள்பொறி மணிக்கு 36,000 முறை அதிரும். 1970-களின் நடுவில் அமெரிக்க உரிமையாளர் இயந்திரக் கடிகாரங்களை நிறுத்தச் சொன்னபோது, லெ லோக்லில் வேலை பார்த்த சார்ல் வெர்மோ அச்சுகளையும் கேம்களையும் வெட்டுக் கருவிகளையும் பரணில் ஒளித்து, எது எதற்கென்று குறித்தும் வைத்தார். 1980-களில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது அந்தக் கருவிகளால்தான். 1988 முதல் ரோலக்ஸ் டேடோனாவும் அதன் திருத்திய வடிவத்தையே பயன்படுத்தியது. ஒரு தொழிலாளி கீழ்ப்படிய மறுத்ததால் ஒரு மரபு பிழைத்தது. பரணில் ஒளித்துவைக்க ஆள் இல்லாத மரபுகளுக்கு மீள்வெளியீடு ஒரு வாய்ப்பைத் தருகிறது என்றால், அதை வெறும் வணிகம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனாலும் வேலை என்ற அளவுகோலின் முன் 321 மீள்வெளியீடும் தடுமாறுகிறது. ஸ்பீட்மாஸ்டர் விண்வெளிக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. கார்ப் பந்தயத்தின் வேகத்தைக் கணக்கிட, டயலில் இருந்த வேகமானி அளவை வளையத்துக்கு நகர்த்திய கருவி அது. வால்டர் ஷிரா 1962-இல் தன் சொந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மெர்க்குரி விண்கலத்தில் பறந்தார். நாசா 1965-இல் சந்தையில் கிடைத்த கடிகாரங்களை 93 டிகிரி வெப்பத்திலும் 40 ஜி அதிர்ச்சியிலும் சோதித்து இதைத் தேர்ந்தது. 1970 ஏப்ரலில் பழுதான அப்பல்லோ 13-இன் பாதையைத் திருத்த எஞ்சினை 14 நொடி இயக்கியபோது, ஜாக் ஸ்விகர்ட் நேரம் பார்த்தது மணிக்கட்டில்தான். அக்ரிலிக் கண்ணாடி உடைந்தாலும் கூர்த்துண்டுகளாகச் சிதறி எடையற்ற அறையில் மிதக்காது என்பது அதன் தகுதிகளுள் ஒன்று. சஃபயர் போட்ட மீள்வெளியீடு கீறல் விழாத அழகுக்காக அந்தத் தகுதியை விட்டுக்கொடுத்துவிட்டது.

இங்கே ஒரு வரலாற்றுத் தடையும் உண்டு. 1969 டிசம்பர் 25 அன்று செய்கோ தன் அஸ்ட்ரான் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. அதன் பின் எந்தச் சாவி கொடுக்கும் கடிகாரமும் தன் காலத்தின் ஆகச் சிறந்த நேரக் கருவி என்று உரிமை கொண்டாட முடியாது. மூலங்களுக்கு அந்த உரிமை இருந்தது. நிபுணத்துவம் எவ்வளவு இருந்தாலும் மீள்வெளியீட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. 1957-இன் வேலையை உண்மையில் தொடர்ந்தது, 1998-இல் விண்வெளி வீரர்களின் ஆலோசனையோடு வந்த ஸ்பீட்மாஸ்டர் எக்ஸ்-33. டைட்டானியக் கூடு, குவார்ட்ஸ் பொறி, முட்களோடு எண்திரை, விண்கலத்தின் இரைச்சலிலும் கேட்கும்படி 80 டெசிபல் மணியொலி, பயணம் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தைக் காட்டும் வசதி. முகத்தில் மூதாதையின் சாயல் துளியும் இல்லை. சேகரிப்பாளர்கள் அதைக் கொண்டாடுவது குறைவு. ஆனால் ஷிராவின் தலைமுறை தேடியதும் இதைப் போன்றதொரு கருவியைத்தான் என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் இயந்திரக் கடிகாரம் பழைய வேலைக்குத் திரும்பவே வழியில்லையா? டியூடர் 2012-இல் கொண்டுவந்த பிளாக் பே ஓரளவு வழி காட்டுகிறது. 1958-இன் பெரிய சாவிக் குமிழும், 1969-இல் வந்த பனித்துகள் வடிவ முட்களும் பழைய டியூடர் எதிலும் ஒன்றாக இருந்ததில்லை. பிளாக் பே இரண்டையும் சேர்த்துத் தனிக் கடிகாரமாக நிற்கிறது. எந்தவொரு மூலத்துக்கும் போலி ஆகாமல், 200 மீட்டர் ஆழத்துக்குத் தாங்கும் கருவியாகவும் இருக்கிறது.

இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு ரிவெர்சோ. இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் மட்டை பட்டு உடைந்ததால் பிறந்த வடிவம் அது. கூட்டைச் சறுக்கித் திருப்பினால் கண்ணாடி உள்ளே போய் எஃகு முதுகு வெளியே வரும். ரெனே-ஆல்ஃப்ரெட் ஷோவோ அதற்கான காப்புரிமையை 1931-இல் பாரிஸில் கோரினார். போலோவுக்கான தேவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. கடினமான கண்ணாடிகள் வந்தபின் அந்தத் திருப்பலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. 1931-இன் டயலை மட்டும் படியெடுத்து விற்றிருந்தால், அழகான ஒரு வெறுங்கூடாகவே அது மிஞ்சியிருக்கும். 1994-இல் வந்த டுவோஃபேஸில் ஒரே உள்பொறி முன்னும் பின்னுமாக இரண்டு டயல்களை ஓட்டியது. திருப்பினால் வேறொரு நாட்டின் நேரம் தெரியும். அடியைத் தாங்கப் பிறந்த கூட்டுக்குப் பயணிகளின் வேலை ஒன்று கிடைத்தது. மூலத்துக்கு ஈடாவது என்று நான் கருதுவது, 1931-இல் எவரும் எண்ணிப்பார்க்காத அந்த இரண்டாவது டயலைத்தான்.